மூக்கைத் தூக்கிய கார்

மிளகால் பேச முடியாமல் போன சந்தர்ப்பங்கள் அவள் ஆயுளில் இரண்டே இரண்டு. முதலாவது, பிறந்ததிலிருந்து பத்து மாதம். இரண்டாவது, இந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில்.

வாய்க்குள் இரண்டு பஞ்சுச் சுருள், ஒரு குழாய், ஒரு குட்டிக் கண்ணாடி, போதாக்குறைக்கு டாக்டரின் இரண்டு விரல்கள்.

"யாரு இதை அடைச்சது?" என்றார் டாக்டர், கடைவாய்ப் பல் ஒன்றைத் தட்டி.

"ஆஆ... ஆ" என்றாள் மிளகு. 'உங்களை மாதிரி ஒரு டாக்டர்தான் சார், கொத்தனார் இல்லை' என்று அதற்குப் பொருள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா யார் அடைச்சதோ, எப்படி அடைச்சதோ? எடுத்துட்டுப் புதுசா அடைச்சிடறேன்."

மிளகின் கண்கள் பிதுங்கின. பல்லைச் சுத்தம் செய்கிற சாக்கில் வேவு பார்க்க வந்தவள் அவள். சாக்குக்காக ஒரு பல்லைத் தோண்டக் கொடுப்பது ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் மெஷின் ஏற்கெனவே ரீங்காரமிட ஆரம்பித்திருந்தது.

எல்லாவற்றுக்கும் அத்தான்தான் காரணம். அவளுடைய அக்கா கணவர் ஒரு தனியார் துப்பறிவாளர். எதிலும் அவசரப்படாதவர் என்பதால் தெரிந்தவர்கள் எல்லாரும் அவரை நிதானம் என்றே கூப்பிடுவார்கள். மைத்துனிக்கு மிளகு என்று பேர் வைத்தது அவர்தான். அவளுக்கு உதவியாளர் வேலை கொடுத்ததும் அவர்தான். மனைவியின் சிபாரிசைத் தட்ட முடியாமல் கொடுத்தார் என்பது வேறு விஷயம்.

நேற்று மாலை அவர்களுடைய அலுவலகத்துக்கு ஒரு மெக்கானிக் வந்திருந்தார். ஐம்பது வயது, அகலமான கைகள். உட்காரச் சொன்னால் நாற்காலி அழுக்காகிவிடும் என்று நின்றுகொண்டே பேசினார். அவர் மகளுக்கும் பல் டாக்டரின் மகனுக்கும் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். டாக்டரின் அப்பா வாங்கிய அறுபது வருஷத்துக் கார் ஒன்று உண்டு. பொண்ணும் மாப்பிள்ளையும் அதில்தான் போக வேண்டும் என்று இரண்டு வீட்டுக்கும் ஆசை. அதனால் அந்தக் காரின் முன்சக்கரங்களைத் தாங்குகிற ஸ்பிரிங், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் முழுக்கப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மூன்று மாதம் உட்கார்ந்து மெக்கானிக்கே சரி செய்தார். சனிக்கிழமை மாலை கொண்டுபோய் விட்டார்.

திங்கட்கிழமை காலை டாக்டர் போனில் கத்தினார். காரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதாம். பழைய ஒரிஜினல் ஸ்பிரிங்கைக் கழற்றி எவனுக்கோ விற்றுவிட்டு, கண்ட ஸ்பிரிங்கைப் போட்டிருக்கிறாராம். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குள் ஒரிஜினல் வந்தாக வேண்டும், இல்லையென்றால் கல்யாணம் கிடையாது என்று வைத்துவிட்டார்.

"வேலை சரியில்லன்னு சொல்லியிருந்தா பொறுத்துக்குவேன். திருடன்னு சொல்லிட்டாருங்க. அதுவும் என் பொண்ணு பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருக்கறப்போ" என்றார் மெக்கானிக், தன் கைகளைப் பார்த்துக்கொண்டே.

"கடிங்க" என்றார் டாக்டர் இப்போது.

மிளகு நினைவிலிருந்து மீண்டாள். பல்லுக்கு நடுவில் ஒரு நீலத் தாள் இருந்தது.

"நறநறன்னு உரசுங்க. திறங்க. இங்க கொஞ்சம் உயரம்." லேசாகத் தேய்த்தார். "மறுபடி கடிங்க. வாயைத் திறந்து வச்சிருக்கறப்போ எல்லா அடைப்பும் அழகாத்தான்மா தெரியும். மூடினாத்தான் வண்டவாளம் தெரியும். ம், இப்ப சரியா உக்காந்துடுச்சு."

நாற்காலியிலிருந்து இறங்கிய மிளகு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, நிதானம் டாக்டரிடம் நேராகவே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் கேட்டுக்கொண்டதால் வந்திருக்கிறோம், காரைப் பார்க்கலாமா?

டாக்டருக்கு முகம் சிவந்தது. ஆனால் நியாயஸ்தர் என்று பேரெடுத்தவர். "தாராளமாப் பாருங்க. பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க. சாவி என் பையன்கிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாயைத் திறக்கப் போய்விட்டார்.

"அத்தான், நேராக் கேட்டே பார்க்கறதா இருந்தா என் பல்லை எதுக்குப் பலி குடுத்தீங்க?"

"உன் வாய் மூடியிருந்தாத்தான் மத்தவங்க பேசுவாங்க. என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. நல்லா இருந்த அடைப்பைத் தோண்டி எடுத்தார். கடி, உரசு, திறன்னு உயிரை வாங்கினார்."

"ம்" என்றார் நிதானம். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நாலு வருஷமாகத் தெரியாது.

கிளினிக்குக்குப் பின்னால் வீடு, வீட்டை ஒட்டி ஷெட். கதவைத் திறந்துவிட்ட மாப்பிள்ளை ஒரு நூலகர். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, இரவெல்லாம் தூங்காத முகம்.

"சாவி எப்பவும் உங்ககிட்டதான் இருக்குமா?" என்றார் நிதானம்.

"வீட்டுல ஆணியில தொங்கும் சார். நேத்துலேர்ந்து அப்பா என்னை வச்சுக்கச் சொல்லிட்டார், யாரும் உள்ள போகக் கூடாதுன்னு." கொஞ்சம் தயங்கினான். "அவ எப்படி இருக்கா? போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறா."

"கல்யாணத்துக்கு முன்னாடியே எடுக்க மாட்டேங்கறாங்களா? நல்ல பழக்கம், முன்கூட்டியே தயார் பண்றாங்க" என்றாள் மிளகு. அவன் சிரிக்கவில்லை. அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

கார் புறா நிறத்தில், உருண்டை விளக்குகளோடு நின்றது. பின்பக்கம் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் மட்டும் வந்தவர்களை மதிக்காத மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"முதலாளி ஜாடை அப்படியே இருக்கு" என்றாள் மிளகு.

நிதானம் முன்சக்கரத்துக்கும் மேலே இருந்த மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் விரல்களை நுழைத்தார். ஐந்து விரல் தாராளமாகப் போயிற்று. "மூணு விரல் இருந்துச்சுன்னு மெக்கானிக் சொன்னார். சரி, அடியில போய்ப் பாரு."

"நானா?"

"எனக்கு முட்டி வலி."

பழைய கார் என்பதால் அடியில் இடத்துக்குக் குறைவில்லை. மிளகு ஒரு சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தாள். ஸ்பிரிங்குகள் கறுப்புப் பெயிண்டில் பளபளத்தன. பழைய அடையாளம் ஒன்றும் மிச்சமில்லை. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகள் காரோடு சேருமிடத்தில் பக்கத்துக்கு நாலு நட்டு. ஒவ்வொரு நட்டிலும் மெல்லிய மஞ்சள் கோடு.

"அத்தான், நட்டுல பாதிக் கோடு, பக்கத்து இரும்புல பாதிக் கோடு இருக்கு. ரெண்டும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி மாதிரி ஒண்ணு ஒரு பக்கம், இன்னொண்ணு ஒரு பக்கம் நிக்குது."

"எட்டுலயுமா?"

"எட்டுலயும். அப்புறம்..." ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. கையை விட்டு எடுத்தாள். ஒரு பக்கம் கிரீஸ் ஊறிய சின்னப் பஞ்சுச் சுருள். அரை மணி நேரம் முன்பு அவள் கன்னத்துக்குள் இருந்ததன் கூடப் பிறந்தது.

வெளியே வந்து அதை அத்தானின் உள்ளங்கையில் வைத்தாள். மாப்பிள்ளை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மூலையில் புத்தம்புது ஜாக்கி ஒன்றும், காரைத் தூக்கி நிறுத்துகிற இரண்டு இரும்புத் தாங்கிகளும் இருந்தன.

"கேஸ் முடிஞ்சுது" என்றாள் கிசுகிசுப்பாக. "பஞ்சு இந்த வீட்டுது. சாவி இவர் கையில. மாமனார்கிட்ட நல்ல பேர் வாங்க நினைச்சுக் கைய வச்சிருக்கார், கெட்டுப் போச்சு."

"ம்" என்றார் நிதானம்.

மெக்கானிக்கின் பட்டறையில் அவர் மகள் மேஜை முன்னால் நின்று, ஒரு ரப்பர் புஷ்ஷை நகத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடித்த வளையம் மாதிரி இருந்தது அது. சாமான் தேர்ந்தெடுப்பது இங்கே அவள் பொறுப்பு. கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் வேலையை விடவில்லை.

"இரும்புக் கை அசையற இடத்துல எல்லாம் இதுதாங்க நடுவுல இருக்கும்" என்றாள். "கடைக்காரர் கெட்டி பிளாஸ்டிக்ல ஒண்ணு தள்ளிவிடப் பார்த்தார். ரொம்ப நாள் உழைக்கும், ஆனா ஒவ்வொரு கல்லும் முதுகுல தெரியும். டாக்டர் மாமாவுக்கு இடுப்பு வலி. அதனால தேடிப் பிடிச்சு ரப்பர்லயே வாங்கினேன்."

"ஸ்பிரிங்?"

"புதுசு இருந்துச்சு. நான்தான் வேணாம்னேன். பழசு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு அளந்தோம். நூலளவு வித்தியாசம் இல்ல. அறுபது வருஷம் ஆகியும் தளரல, அதை எதுக்கு மாத்தணும்?" உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கல்யாணக் காராச்சே, அழகா இருக்கட்டும்னு துருவைச் சுரண்டி, கறுப்புப் பெயிண்ட் அடிச்சேன். அப்படியே விட்டிருந்தா அவரே அடையாளம் கண்டுபிடிச்சிருப்பார். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

நிதானம் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "அந்த மஞ்சள் கோடு எப்பப் போடுவீங்க?"

"கடைசில. எல்லா நட்டையும் லேசாப் பிடிச்சு வச்சுட்டு, காரைத் தரையில இறக்கிடுவேன். சம்சாரமும் பொண்ணும் முன் சீட்டுல உக்காந்துக்குவாங்க. டீ குடிச்சுக்கிட்டே என்னைத் திட்டுவாங்க. ரெண்டு தரம் முன்ன பின்ன உருட்டுவேன். கார் தன் எடையில எங்க உக்காருதோ, அங்க வச்சு நான் பட்டறைப் பள்ளத்துல இறங்கி முறுக்குவேன். அப்புறம் கோடு. யாராவது நட்டைத் தொட்டா கோடு விலகிக் காட்டிக் குடுத்துடும்."

"ஜாக்கியில தூக்கி வச்சு, சக்கரம் தொங்கறப்போ முறுக்கினா?"

மெக்கானிக் திடுக்கிட்டார். "ஐயையோ, ரப்பர் தொங்கற நிலையிலயே பிடிச்சுக்குமே! கீழ இறக்கினா அது பிழிஞ்ச துணி மாதிரி முறுக்கிக்கிட்டு, காரை எதிர்த்துத் தள்ளும். முன்பக்கம் இறங்கவே..." சட்டென்று நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"கோடு எட்டும் விலகி இருக்கு. பஞ்சு ஒண்ணு கிடைச்சுது" என்றாள் மிளகு. "சாவி மாப்பிள்ளை கையில."

மகளின் கையிலிருந்த புஷ் கீழே விழுந்து உருண்டது. மெக்கானிக் அதை எடுத்து மேஜைமேல் வைக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளை பேரைச் சொல்லாதீங்க" என்றார். "அவரை அவங்கப்பா முன்னாடி தலைகுனிய வச்சுத்தான் நான் நல்லவன்னு ஆகணும்னா, எனக்கு அது வேணாம். திருடன்னே இருந்துட்டுப் போறேன்."

 

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எல்லாரும் ஷெட்டில் இருந்தார்கள். டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றார்.

"ஸ்பிரிங் எங்க, மெக்கானிக்?"

மூன்று மாதமாகச் சம்பந்தி சம்பந்தி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர். அந்த ஒரு வார்த்தை மாறியதில் மெக்கானிக்கின் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கார்லயே இருக்கு டாக்டர்" என்றார் நிதானம், மெக்கானிக்கை முந்திக்கொண்டு. "ஆனா சனிக்கிழமைக்கு அப்புறம் யாரோ எட்டு நட்டையும் தளர்த்தி, காரைத் தூக்கி வச்சு மறுபடி முறுக்கியிருக்காங்க. அதனாலதான் மூக்கு மேல போயிருக்கு. இதை உள்ளயே விட்டுட்டும் போயிருக்காங்க." உள்ளங்கையை நீட்டினார். பஞ்சுச் சுருளைப் பார்த்ததும் டாக்டரின் கண் இமை ஒரு தடவை துடித்தது.

"நான்தான்" என்று ஒரு குரல் கேட்டது.

மாப்பிள்ளை முன்னால் வந்தான். "நான்தான் முறுக்கினேன். மாமா மேல ஒரு தப்பும் இல்ல. என்னை என்ன வேணா சொல்லுங்கப்பா, கல்யாணத்தை நிறுத்தாதீங்க."

மிளகு அத்தானை வெற்றிப் பெருமிதத்தோடு பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. மெக்கானிக்தான் பேசினார்.

"எந்த ஸ்பானர் எடுத்தீங்க மாப்பிள்ளை?"

"பெருசு."

"எத்தனாம் நம்பர்?"

"அது... இருக்கறதுலயே பெருசு."

"நட்டு எந்தப் பக்கம் திரும்பினா தளரும்?"

மாப்பிள்ளை காற்றில் கையை ஒரு பக்கம் திருப்பினான். பிறகு மறுபக்கம் திருப்பினான். கண்ணாடியைச் சரி செய்துகொண்டான். "ஜாக்கியை எங்க வச்சீங்க?" என்று மெக்கானிக் கேட்டதற்குப் பின்பக்கத்து டிக்கியைக் காட்டினான்.

"மாப்பிள்ளை" என்றார் மெக்கானிக் கனிவாக, "உங்களுக்குப் பொய்கூடச் சரியா முறுக்க வரல."

மகள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. இரண்டு நாளாக எடுக்காத போனுக்கெல்லாம் சேர்த்து அவனைப் பார்த்தாள். மிளகின் கேஸ் அந்த இடத்திலேயே சுக்குநூறானது.

"டாக்டர்" என்றார் நிதானம், ஒரு சந்தேகம் கேட்பவர் மாதிரி. "காலையில என் மைத்துனியோட பல்லை என்ன பண்ணீங்க?"

"பழைய அடைப்பை எடுத்துட்டுப் புதுசா அடைச்சேன். அதுக்கென்ன இப்போ?"

"பழசு கெட்டுப் போயிருந்துச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா யார் அடைச்சதோ..." டாக்டரின் குரல் பாதியிலேயே நின்றது.

 டாக்டர் ஜாக்கியைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார், கடைசியில் தன் விரல்களைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்" என்றார் மெதுவாக. "சும்மா சரிபார்க்கலாம்னுதான் தூக்கினேன். எட்டு நட்டையும் தளர்த்தி, துடைச்சு, புத்தகத்துல இருக்கற அளவுக்கு முறுக்கினேன். கொஞ்சம்கூடக் கூடல, குறையல. அதுல என்ன தப்பு? முறுக்கினா முறுக்கினதுதானே?"

"கார் விஷயம் எனக்குத் தெரியாது டாக்டர். உங்க தொழில்லயே கேக்கறேன். அடைச்சு முடிச்சதும் வாயைத் திறந்து வச்ச மாதிரியே நோயாளியை அனுப்பிடுவீங்களா?"

"அதெப்படி? கடிச்சுப் பார்க்கச் சொல்லணும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்ந்து உக்காந்தாத்தானே..."

"உங்க காரை நீங்க கடிக்கச் சொல்லலயே. தொங்கற வாயோட முறுக்கிட்டீங்க."

டாக்டர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அந்தக் கிளினிக்கில் வழக்கமாக மற்றவர்களுக்குத்தான் அப்படி நேரும்.

"ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம்" என்றார் நிதானம். "நட்டை மட்டும் தளர்த்துவோம். ஸ்பிரிங் வேறன்னா கார் இப்படியேதான் நிக்கும்."

மெக்கானிக் சாக்கில் படுத்து உள்ளே போனார். ஸ்பானர் எட்டுத் தடவை முனகியது. "அமுக்குங்க" என்றார் அடியிலிருந்து. மாப்பிள்ளையும் மிளகும் பம்பரைப் பிடித்து இரண்டு தரம் அமுக்கினார்கள். உள்ளே எதுவோ பெருமூச்சு விட்டது. கார் மெல்ல, கௌரவம் குறையாமல், மூக்கை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

யாரும் சொல்லாமலே டாக்டர் போய் மட்கார்டுக்கு அடியில் விரல்களை நுழைத்தார். மூன்று விரல் போயிற்று, நாலாவது போகவில்லை. விரல்களை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார்.

மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "என் பொண்ணு முன்னாடி என்னைத் திருடன்னு சொன்னீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கேட்க முடியவில்லை.

"சொன்னேன்" என்றார் டாக்டர். அவர் மெக்கானிக்கைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைத்தான் பார்த்தார். "உன் முன்னாடிதான் சொன்னேன். உன் முன்னாடியே சொல்றேன்மா. உங்கப்பா ஸ்பிரிங்கையும் எடுக்கல, ஒண்ணையும் எடுக்கல. நான்தான் நல்லா இருந்ததைத் தோண்டிக் கெடுத்துட்டு, அவர்மேல பழியைப் போட்டேன். என்னை மன்னிச்சிடு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் அவளும் தலையசைத்தாள்.

டாக்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு ஸ்பானருக்குக் கை நீட்டினார். மெக்கானிக் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு ஸ்பானரைக் கொடுத்துவிட்டு, மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் முன் சீட்டைக் காட்டி, "ஏறி உக்காருங்க. எடை வேணும்" என்றார். இருவரும் இடிக்காமல் உட்கார முயன்று, முடியாமல், ஒட்டி உட்கார்ந்தார்கள்.

முதல் நட்டு, இரண்டாவது நட்டு என்று நேரம் போயிற்று. எட்டாவதில் காருக்கு அடியிலிருந்து டாக்டரின் குரல் வந்தது.

"இது போதுமா, சம்பந்தி?"

மெக்கானிக் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். 

"போதும் சம்பந்தி. வெளிய வாங்க, கோடு போடணும்."

"நீங்களே போடுங்க. நான் இனிமே அதுல கையே வைக்க மாட்டேன்."

கோடு காய்கிற வரைக்கும் எல்லாரும் நின்றார்கள். புழுதியோடு எழுந்த டாக்டருக்கு அப்போதுதான் மிளகின் ஞாபகம் வந்தது. "பல் எப்படிம்மா இருக்கு?"

மிளகு நன்றாகக் கடித்து, நறநறவென்று உரசிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாதது அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"அருமையா உக்காந்திருக்கு டாக்டர். ஒரு மஞ்சள் கோடு மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. அடுத்த டாக்டர் கைய வச்சா எனக்குத் தெரியணும்ல."